உங்கள் மரபணு அறிக்கை எதனோடு ஒப்பிடப்படுகிறது? உயிர்த் தகவலியல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஓர் அறிமுகம்

உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருக்கலாம். குழந்தையின் வளர்ச்சித் தாமதம், இளம் வயதில் தோன்றிய மார்பகப் புற்றுநோய், குடும்பத்தில் பலருக்கும் வந்த இதயத் தசை நோய் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். சில வாரங்கள் கழித்துக் கைக்கு வரும் அறிக்கையில் எழுத்துகளும் எண்களும் நிறைந்திருக்கும். அவற்றினூடே ‘நோய் விளைவிக்கும் மாற்றம்’, ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ போன்ற சொற்கள் காணப்படும்.

அச்சொற்களை முடிவு செய்தது குருதியைப் பரிசோதித்த கருவி அன்று. கருவி படித்த எழுத்துகளைப் பிற மனிதர்களின் மரபணுத் தரவுகளோடு கணினியின் துணையால் ஒப்பிட்டு, வல்லுநர்கள் எடுத்த முடிவு அது. உயிரினங்களிலிருந்து கிடைக்கும் தரவுகளை இவ்வாறு சேமித்து, ஒப்பிட்டு, பொருள் காணும் துறையே உயிர்த் தகவலியல். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்னும் பெயராலும் இது வழங்குகிறது.

2025 ஜனவரியில் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தரவு ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. அந்நிகழ்வுக்கும் உங்கள் கையில் உள்ள அறிக்கைக்கும் என்ன தொடர்பு, அதனால் நீங்கள் செய்யவேண்டியவை யாவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• மரபணு அறிக்கையின் நம்பகத்தன்மை கருவியை மட்டும் சார்ந்ததன்று. ஒப்பிடப் பயன்படும் தரவையும் சார்ந்தது.
• இதுவரை அத்தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. எனவே இந்தியர்களின் அறிக்கைகளில் ஐயத்திற்குரிய முடிவுகள் கூடுதலாக வர வாய்ப்புண்டு.
• ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்பது நோயைக் குறிப்பதன்று. அதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சை, கருவுறுதல் ஆகியவை பற்றி முடிவெடுக்க வேண்டாம்.
• அறிக்கையின் முடிவு பின்னாளில் மாறக்கூடும். மறு ஆய்வு கோரலாம். அறிக்கையைப் பாதுகாத்து வைத்திருங்கள்.

உயிர்த் தகவலியல் என்றால் என்ன?

உயிரணுவினுள் உள்ள டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு, உடலின் அமைப்புக்கும் இயக்கத்திற்கும் உரிய குறிப்புகளைத் தாங்கியுள்ளது. அக்குறிப்புகள் ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு வேதியெழுத்துகளால் ஆனவை. ஒரு மனிதரின் முழு மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இவ்வளவு எழுத்துகளை மனிதர் கையால் ஒப்பிட்டுப் பார்ப்பது இயலாது. ஆகவே உயிரியலும் புள்ளியியலும் கணினி அறிவியலும் இணைந்த ஒரு துறை தேவைப்பட்டது.

இத்துறை நேற்றுத் தோன்றியதன்று. 1965-இல் அமெரிக்க அறிவியலாளர் மார்கரெட் டேஹாப், அந்நாள்வரை அறியப்பட்டிருந்த புரதங்களின் எழுத்து வரிசைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியோரும் புரதங்கள் எவ்வெவ்வாறு மடங்க இயலும் என்பதைக் கணக்கிட்டு ஒரு வரைபடம் வகுத்தனர். ‘ராமச்சந்திரன் வரைபடம்’ எனப்படும் அதனைக் கொண்டு புரத வடிவங்கள் சரியானவையா என இன்றும் உலகெங்கும் சரிபார்க்கின்றனர். 1982-இல் அமெரிக்காவில் ‘ஜென்பேங்க்’ என்னும் பொதுத் தரவுத்தளம் அமைந்தது.

1990-இல் தொடங்கிய மனித மரபணுத் தொகுதித் திட்டம் 2003-இல் நிறைவுற்றது. அதற்கு ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கப்பட்டது. அப்போது படிக்க இயலாமல் விடுபட்ட பகுதிகள் 2022-இல்தான் பெரும்பாலும் நிரப்பப்பட்டன. இன்று ஒருவரின் முழு மரபணுத் தொகுதியைப் படிக்க ஆய்வகங்களுக்கு ஆகும் செலவு 1,000 டாலருக்கும் கீழே இறங்கியுள்ளது. படிப்பது எளிதாகிவிட்டது, படித்ததற்குப் பொருள் காண்பதே இப்போது கடினமான பணி.

குருதி மாதிரி அறிக்கையாக மாறும் வழி

நீங்கள் தரும் குருதி அல்லது உமிழ்நீரிலிருந்து முதலில் டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது. பெரும்பாலான கருவிகள் அதனை ஒரே தொடராகப் படிப்பதில்லை. சுமார் 150 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாகப் படிக்கின்றன. பிழையைத் தவிர்ப்பதற்காக முழு மரபணுப் பரிசோதனையில் ஒவ்வோர் இடமும் சராசரியாக 30 முறை படிக்கப்படுவது வழக்கம். இதன்பின் வருவன அனைத்தும் உயிர்த் தகவலியலின் பணிகளே.

முதற்படி, துண்டுகளை உரிய இடங்களில் பொருத்துதல். ஏற்கெனவே படிக்கப்பட்ட ஒரு மாதிரித் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு துண்டும் எந்த இடத்திற்கு உரியது எனக் கணினி கண்டறிகிறது.

இரண்டாம் படி, வேறுபாடுகளைப் பட்டியலிடுதல். மாதிரித் தொகுதியோடு ஒப்பிட்டால் எந்த மனிதரிடமும் 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபாடுகள் காணப்படும். இது இயல்பு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எத்தீங்கும் விளைவிப்பதில்லை.

மூன்றாம் படி, சலித்தெடுத்தல். ஒரு மாற்றம் நலமாக வாழும் பலரிடம் காணப்படுமாயின், அது அரிய, கடுமையான நோய்க்குத் தனிக்காரணமாக இருக்க இயலாது. இந்த எளிய விதியே இலட்சக்கணக்கான வேறுபாடுகளைச் சில பத்துகளாகக் குறைக்க உதவுகிறது.

நான்காம் படி, எஞ்சியவற்றை வகைப்படுத்துதல். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015-இல் வெளியிட்ட நெறிமுறையைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி ஒரு மாற்றம் நோய் விளைவிப்பது, நோய் விளைவிக்கக்கூடியது, பொருள் உறுதிப்படாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது என ஐந்து வகைகளுள் ஒன்றில் வைக்கப்படுகிறது.

உங்கள் பரிசோதனையின் வகையையும் அறிந்துகொள்ளுங்கள். சில பரிசோதனைகள் குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் படிக்கும். ‘எக்ஸோம்’ பரிசோதனை, புரதங்களுக்கான குறிப்புகளைத் தாங்கிய பகுதிகளை மட்டும் படிக்கும். இப்பகுதிகள் முழுத் தொகுதியில் 2 விழுக்காட்டிற்கும் குறைவானவை. எனவே ‘எதுவும் கண்டறியப்படவில்லை’ என்னும் முடிவு, படித்த பகுதியில் எதுவும் காணப்படவில்லை என்றே பொருள்படும். நோய்க்கு மரபணுக் காரணமே இல்லை என்று அது உறுதி செய்வதில்லை.

ஒப்பிடுவதற்குப் பல பிரதிகள் ஏன் தேவை?

தமிழ் நூற்பதிப்பின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கருத்து புதிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல இடங்களிலிருந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். ஒரு சுவடியில் ஒரு சொல் வேறுபட்டிருந்தால் அது எழுதியவரின் பிழையா, அல்லது பலரும் கொண்ட பாட வேறுபாடா என்பதைப் பிற சுவடிகளைப் பார்த்தே சொல்ல இயலும். கையில் இருப்பது ஒரே சுவடி என்றாலோ, எல்லாச் சுவடிகளும் ஒரே ஊரிலிருந்து வந்தவை என்றாலோ அந்த முடிவு பிழைபடலாம்.

மரபணு அறிக்கையின் நிலையும் இதுவே. உங்களிடம் காணப்படும் ஒரு மாற்றம் உங்கள் ஊரிலும் உறவிலும் நலமாக வாழும் பலரிடம் இருக்கலாம். ஆனால் அவர்களுள் எவருடைய தரவும் ஒப்பீட்டுத் தளத்தில் இல்லையென்றால் அம்மாற்றம் ‘மிக அரியது’ எனத் தோன்றும். அரியது என்பதாலேயே அது ஐயத்திற்கு உரியதாகும். மறுதலையாக, உங்கள் மக்களிடையே உண்மையாகவே நோய் விளைவிக்கும் ஒரு மாற்றம், பிற நாடுகளின் ஆய்வுகளில் இடம்பெறாத காரணத்தால் கவனிக்கப்படாமலும் போகலாம்.

தரவின் குறை அறிக்கையின் பிழையான கதை

இது வெறும் அச்சம் அன்று. 2016-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, இதயத் தசை தடித்தல் என்னும் நோய்க்கான மரபணு அறிக்கைகளை ஆராய்ந்தது. நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்டிருந்த சில மாற்றங்கள், கறுப்பின அமெரிக்கர்களிடையே பரவலாகக் காணப்படும் தீங்கற்ற வேறுபாடுகள் என்பது அவ்வாய்வில் தெரியவந்தது. ஆப்பிரிக்க வழியினர் சிலருக்கு ‘நோய் விளைவிக்கும் மாற்றம் உள்ளது’ என்ற அறிக்கை முன்னரே தரப்பட்டிருந்தது. தொடக்ககால ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் கறுப்பின அமெரிக்கர் ஒரு சிறு எண்ணிக்கையிலேனும் சேர்க்கப்பட்டிருந்தால் இப்பிழைகள் நேர்ந்திரா என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இத்தகைய அறிக்கையின் விளைவை எண்ணிப் பாருங்கள். நலமாக உள்ள ஒருவர் ஓட்டத்தையும் விளையாட்டையும் கைவிடலாம். அவருடைய பிள்ளைகள் தேவையின்றி அச்சத்தில் வளரலாம். குடும்பத்தில் உண்மையாகவே நோயை உண்டாக்கும் காரணம் வேறாக இருக்க, அதைத் தேடுவது நின்றுபோகலாம்.

அதே 2016-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒரு கணக்கெடுப்பு, மரபணுத் தொகுதி முழுவதையும் நோய்களோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகளில் பங்கேற்றோருள் 81 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர் என்று தெரிவித்தது. 2009-இல் இவ்விழுக்காடு 96 ஆக இருந்தது. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தெற்காசியர். அத்தொகைக்கேற்ற இடம் அவர்களுக்கு இத்தரவுகளில் இல்லை.

இந்தியத் தரவு: இதுவரை நடந்தவை

இக்குறையை நீக்கும் முயற்சிகள் நம் நாட்டில் நடைபெற்று வருகின்றன. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 2019-இல் ‘இண்டிஜென்’ திட்டத்தின் வழியே 1,000-க்கும் மேற்பட்டோரின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தது. ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூருவில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் ஒருங்கிணைப்பில் 20 நிறுவனங்கள் இதில் பங்கேற்றன.

இத்திட்டத்தில் படிக்கப்பட்ட 10,000 பேரின் தரவு, ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, 2025 ஜனவரி 9 அன்று வெளியிடப்பட்டது. ஆய்வாளர்கள் விண்ணப்பித்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டே அதனைப் பெற இயலும். அதே ஆண்டு ஏப்ரலில் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியான முதற்கட்ட முடிவுகள், 85 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் தரவில் சுமார் 18 கோடி மரபணு வேறுபாடுகள் கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தன.

இதன் மதிப்பை மிகைப்படுத்தவும் வேண்டாம். குறைத்து எண்ணவும் வேண்டாம். ஒரு மாற்றம் நலமாக வாழும் இந்தியரிடையே எவ்வளவு பரவலானது என்று கேட்க இப்போது ஓர் இடம் கிடைத்துள்ளது. முன்னர் ‘பொருள் உறுதிப்படாதது’ எனக் குறிக்கப்பட்டவற்றுள் பல இனி ‘தீங்கற்றது’ எனத் தெளிவடையலாம். ஆயினும் இந்தியாவில் 4,600-க்கும் மேற்பட்ட மக்கட்குழுக்கள் இருப்பதாக மானிடவியல் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. அவற்றுள் 85 மட்டுமே இதில் இடம்பெற்றுள்ளன. ஏறத்தாழ 7 கோடி மக்கள் வாழும் பிரிட்டனில், ‘யுகே பயோபேங்க்’ என்னும் ஒரே திட்டம் ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்து முடித்துள்ளது. 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள நாட்டுக்கு 10,000 என்பது நல்ல தொடக்கம், முடிவன்று.

ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். புதிய தரவு வெளியானதால் உங்கள் பழைய அறிக்கை தானாக மாறிவிடாது. ஆய்வகம் அத்தரவோடு மீண்டும் ஒப்பிட்டால்தான் மாறும்.

நம் மக்களிடையே கண்டறியப்பட்டவை

உள்ளூர்த் தரவின் பயனை இரண்டு எடுத்துக்காட்டுகள் விளக்கும்.

முதலாவது, இதயத் தசையின் இயக்கத்திற்குத் தேவையான ஒரு புரதத்திற்குரிய மரபணு. இதில் 25 எழுத்துகள் நீங்கிய ஒரு மாற்றம் தெற்காசியருள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது என்றும், இதயத் தசை நோயோடு அது தொடர்புடையது என்றும் 2009-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு அதில் முதன்மையான பங்குண்டு. ஐரோப்பியத் தரவில் மட்டும் தேடியிருந்தால் இம்மாற்றம் புலப்பட்டிராது. பின்னர் 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த நீக்கம் உடையோருள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், நோயின் அறிகுறிகளுக்கு அந்த இரண்டாவது மாற்றமே காரணமாகலாம் என்பதையும் எடுத்துக்காட்டியது. ஒரே மாற்றத்தின் பொருள் 10 ஆண்டுகளுக்குள் இவ்வாறு நுட்பமடைந்தது.

இரண்டாவது, அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலின் என்னும் மருந்து. குருதியில் உள்ள ஒரு நொதி இதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதி குறைவாக உள்ளோர்க்கு மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்றிருக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் தேவைப்படும். உலகில் அரிதான இக்குறைபாடு, தென்னிந்தியாவில் ஆரிய வைசியச் சமூகத்தினரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. பல தலைமுறைகளாக ஒரு குழுவுக்குள்ளேயே மணவுறவு நிகழும்போது சில மாற்றங்கள் அக்குழுவில் மிகுவது இயற்கை. இது எந்தச் சமூகத்தின் குறையும் அன்று. ஒவ்வொரு குழுவிலும் இத்தகைய சில மாற்றங்கள் உண்டு. குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்துக்குப் பின் நினைவு திரும்பவோ மூச்சு சீரடையவோ தாமதமானது என்றால், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் அதைத் தவறாமல் தெரிவியுங்கள். வேறு மருந்தைத் தெரிவு செய்ய இயலும்.

நோய்க்கிருமியின் எழுத்துகளும் படிக்கப்படுகின்றன

உயிர்த் தகவலியல் மனித மரபணுவோடு நின்றுவிடுவதில்லை. காசநோய்க்கு உங்கள் சளி ‘சிபிநாட்’ பரிசோதனைக்கு அனுப்பப்பட்டிருந்தால் இத்துறையின் பயனை நீங்கள் ஏற்கெனவே பெற்றுள்ளீர்கள். அப்பரிசோதனை காசநோய்க் கிருமியின் ஒரு மரபணுவில் உள்ள குறிப்பிட்ட மாற்றங்களைத் தேடி, ரிஃபாம்பிசின் மருந்து பயன் தருமா என்பதைச் சுமார் 2 மணி நேரத்தில் தெரிவிக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு வாரக்கணக்கில் ஆகும்.

எந்த மாற்றம் எந்த மருந்தைப் பயனற்றதாக்கும் என்பதும் ஒப்பீட்டினால் அறியப்படுவதே. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 38,000-க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை ஒப்பிட்டு, மருந்து எதிர்ப்பை உண்டாக்கும் மாற்றங்களின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு 52,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. மாதிரிகள் பெருகப் பெருகப் பட்டியல் திருந்துகிறது.

கொரோனா பெருந்தொற்றின்போதும் இதுவே நிகழ்ந்தது. சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட அத்தீநுண்மியின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் பொதுவெளியில் பகிரப்பட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் தடுப்பூசிகள் மக்களுக்குச் செலுத்தப்பட்டன. புதிய உருமாற்றங்களைக் கண்காணிக்க 2020 டிசம்பரில் ‘இன்சாகாக்’ என்னும் ஆய்வகக் கூட்டமைப்பை ஒன்றிய அரசு அமைத்தது. 2021 செப்டம்பரில் சென்னையில் தமிழ்நாடு அரசின் முழு மரபணுப் பகுப்பாய்வுக் கூடமும் திறக்கப்பட்டது.

‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்று வந்தால்

நோயாளிகளை மிகவும் கலங்கச் செய்வது இம்முடிவே. இதன் பொருள் இதுதான்: ஒரு மாற்றம் காணப்பட்டது, அது தீங்கானது என்பதற்கோ தீங்கற்றது என்பதற்கோ போதிய சான்று இன்று இல்லை. பின்னர் தெளிவடையும் மாற்றங்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே தெளிவடைகின்றன.

மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் ஆகியவற்றோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக்களை எடுத்துக்கொள்வோம். இவற்றில் ‘நோய் விளைவிக்கும் மாற்றம்’ உறுதியானால், கண்காணிப்பும் தடுப்பு அறுவை சிகிச்சையும் குறித்து மருத்துவர் உங்களோடு கலந்து பேசுவார். ஆனால் ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்று மட்டும் இருந்தால், அதன் அடிப்படையில் உறுப்பை அகற்றுவது தகாது. அந்நிலையில் கண்காணிப்பை முடிவு செய்வது உங்கள் குடும்பத்தின் நோய் வரலாறே. தாய்க்கும் உடன்பிறந்தவருக்கும் இளம் வயதில் இந்நோய் வந்திருக்குமானால், அறிக்கை எதுவாக இருப்பினும் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படலாம். இம்மாற்றத்தைக் கொண்டு கருவைப் பற்றி முடிவெடுப்பதும், நலமாக உள்ள உறவினர்க்கு ‘இடர் உண்டு’ அல்லது ‘இல்லை’ என அறிவிப்பதும் கூடா.

இம்மாற்றத்தைத் தெளிவாக்க உங்களாலும் உதவ இயலும். பெற்றோரின் குருதியைப் பரிசோதித்தால், குழந்தையிடம் உள்ள மாற்றம் புதிதாகத் தோன்றியதா, நலமாக உள்ள பெற்றோரிடமிருந்து வந்ததா என்பது தெரியவரும். அம்மாற்றத்திற்குப் பொருள் காண அது பெரிதும் துணை செய்யும். பெற்றோர் இருவரையும் மருத்துவர் அழைப்பது இதனால்தான்; யார்மீதும் பழி சுமத்துவதற்கு அன்று. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என உறவில் மணம் முடித்திருந்தால் தயங்காமல் கூறுங்கள். ஒரே மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேரும் நோய்களைத் தேடுவதற்கு அச்செய்தி இன்றியமையாதது.

கணினிக் கணிப்பு மட்டும் போதுமா?

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுப் பணிக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும், கணினி வழியே புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே வழியில் வந்த மென்பொருள்கள், ஒரு மாற்றம் தீங்கானதா என்று மதிப்பெண் தருகின்றன. உங்கள் அறிக்கையிலும் இத்தகைய மதிப்பெண் இருக்கலாம்.

இக்கணிப்பு ஒரு துணைச் சான்று. நோயாளியின் அறிகுறிகள், குடும்பத்தில் அம்மாற்றம் செல்லும் வழி, நலமுள்ளோரிடையே அதன் பரவல், ஆய்வகச் சோதனைகள் ஆகியவற்றோடு சேர்ந்தே அது எடைபோடப்படுகிறது. கணிப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நீங்களாக முடிவுக்கு வராதீர்கள். அறிக்கையை இணையத்திலோ உரையாடல் செயலிகளிலோ பதிவேற்றிப் பொருள் கேட்பதையும் தவிர்ப்பது நலம். அதில் உங்கள் குடும்பத்தாரின் தகவலும் அடங்கியுள்ளது.

உங்கள் தரவு யாரிடம் இருக்கும்?

கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுத் தரவை மாற்ற இயலாது. மேலும் அது உங்களுடையது மட்டுமன்று. உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் அதில் பங்குடையோர்.

உமிழ்நீரைப் பெற்று வம்சாவழியும் நோய் இடரும் கூறிவந்த அமெரிக்க நிறுவனமாகிய ‘23அண்ட்மீ’, 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் தரவு அடுத்து யார் கைக்குச் செல்லும் என்னும் கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு முன் 2023-இல், ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல்கள் அந்நிறுவனத்திலிருந்து களவு போயிருந்தன. மருத்துவரின் பரிந்துரையின்றி நேரடியாக விற்கப்படும் பரிசோதனைகளை வாங்குமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலின் அடிப்படையில் தரவைப் பயன்படுத்துவதை நெறிப்படுத்துகிறது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் முழுவதும் படியுங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். சிகிச்சைக்கான ஒப்புதலும் ஆராய்ச்சிக்கான ஒப்புதலும் வேறு வேறு. ஆராய்ச்சிக்கு மறுத்தாலும் சிகிச்சை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதே வேளையில், ஆராய்ச்சிக்குத் தரவு அளிப்பதன் பயனையும் அறிந்து முடிவெடுங்கள். உரிய பாதுகாப்போடு நீங்கள் தரும் தரவு, நாளை உங்கள் ஊரிலோ உறவிலோ ஒருவரின் அறிக்கையைத் தெளிவாக்கக்கூடும்.

மருத்துவரிடமும் மரபணு ஆலோசகரிடமும் கேட்க வேண்டியவை

பரிசோதனைக்கு முன்:

• இப்பரிசோதனை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது? விடை கிடைத்தால் சிகிச்சை மாறுமா?
• சில மரபணுக்கள் மட்டும் படிக்கப்படுமா, எக்ஸோமா, முழுத் தொகுதியா?
• தேடாத வேறு நோயின் அறிகுறி தென்பட்டால் அதனை எங்களுக்குத் தெரிவிப்பீர்களா?
• என் மாதிரியும் தரவும் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்?

அறிக்கை வந்த பின்:

• காணப்பட்ட மாற்றம் ஐந்து வகைகளுள் எந்த வகையைச் சேர்ந்தது?
• இந்திய மக்களின் தரவோடு ஒப்பிடப்பட்டதா? எந்தத் தரவுத்தளம் பயன்பட்டது?
• இம்முடிவை உறுதிப்படுத்த வேறு பரிசோதனை தேவையா? குடும்பத்தில் யாரைப் பரிசோதிக்க வேண்டும்?
• மறு ஆய்வு எப்போது செய்யலாம்? அதற்குக் கட்டணம் உண்டா?

மறு ஆய்வுக்குப் பெரும்பாலும் புதிய குருதி தேவையில்லை. ஆய்வகத்தில் உள்ள பழைய தரவையே புதிய தரவுத்தளங்களோடு ஒப்பிட இயலும். எனவே அறிக்கையின் முழுப் படியையும், இயலுமாயின் மூலத் தரவுக் கோப்பையும் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். விடை கிடைக்காத நிலையில் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு பற்றி மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். உங்கள் முகவரியோ கைபேசி எண்ணோ மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்; வகைப்பாடு மாறும்போது உங்களைத் தொடர்புகொள்ள அது உதவும்.

இவ்வறிக்கை, அது எழுதப்பட்ட நாளில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு எடுக்கப்பட்ட முடிவு. அதன் முதற்பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அத்தேதிக்குப் பின் புதிய தரவு சேர்ந்துள்ளதா என்று அடுத்த வருகையின்போது மருத்துவரைக் கேளுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். இவை மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகா. உங்கள் அறிக்கை குறித்த எந்த முடிவையும் உங்கள் மருத்துவரையோ மரபணு ஆலோசகரையோ கலந்த பின்னரே எடுக்கவும்.